லாரிப் பலகையில் அப்பாவின் தோள்

தோள்பட்டை எலும்பை முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் அதில் குழியைத் தேடினேன். பிசியோதெரபி முதலாண்டு, அனாடமி கூடம், பெஞ்சுக்கு ஆறு பேர், ஆறு பேருக்கும் சேர்த்து ஓர் எலும்பு. முந்தின வாரம் இடுப்பு மூட்டைப் பார்த்திருந்தோம். அங்கே தொடையெலும்பின் தலை, பணியாரக் குழிக்குள் பணியாரம்போல, ஆழமாகப் போய் உட்காரும். லேசில் கழன்று வராது. தோளும் அதே பந்துக்கிண்ண மூட்டுதான் என்றது புத்தகம். சரி, கிண்ணம் எங்கே? தகடுபோன்ற அந்த முக்கோண எலும்பின் ஓரத்தில், கரண்டியை அடித்துச் சப்பையாக்கியதுபோல ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான். அதன்மேல் வந்து நிற்க வேண்டிய மேற்கை எலும்பின் தலையோ அரை எலுமிச்சம்பழம் பருமன்.

"இது உக்காரவே இல்லையே, சும்மா சாஞ்சுட்டல்ல இருக்குது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பெஞ்சே சிரித்தது. பாடம் எடுத்த மேம் சிரிக்கவில்லை. "சாஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அதனாலதான் கையை இத்தனை பக்கம் சுத்த முடியுது. எலும்பு பிடிக்காததை உறையும் தசையும் பிடிச்சு வச்சிருக்கு. அந்த உறை இறுகிப் போச்சுன்னா கை பாதியில நின்னுடும்" என்றார்.

கை பாதியில் நின்றுவிடும் என்று அவர் சொன்னவுடன், அப்பா சட்டை போடுவது என் கண்ணுக்குள் வந்துவிட்டது. இரண்டு மாதமாக எதிரிலேயே நடந்துகொண்டிருந்ததுதான். வலது கையைத் தூக்காமல் கீழாகவே சட்டைக்குள் நுழைப்பார். பிறகு இடது கை முதுகுக்குப் பின்னால் போய், குட்டையில் மீன் பிடிப்பதுபோல, மீதிச் சட்டையைத் துழாவிப் பிடிக்கும். அவர் லாரி டிரைவர். லாரியில் ஏறும் முறையும் மாறியிருந்தது. டிரைவர் பக்கம் ஏறினால் கைப்பிடி வலது கைக்கு வரும். கிளீனர் பக்கம் ஏறினால் இடது கைக்கு வரும். அவர் வண்டியில் கிளீனர் என்று யாரும் வந்து பல வருடம் ஆகிறது, ஆனாலும் அந்தக் கதவு வழியாகத்தான் ஏறி, சீட்டைத் தாண்டி நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் போவார். கேட்டால், "அந்தப் பக்கம் சேறு சாமி" என்பார். சித்திரை வெயிலில் என்ன சேறு?

எலும்பை அடுத்தவள் கையில் திணித்தேன். வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் நான் அந்தக் கூடத்தில் இல்லை.

பஸ்ஸிலும் இருப்புக் கொள்ளவில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வண்டி, நிற்கத்தான் இடம். மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கை முழுதும், தோள்பட்டை எலும்பையும் சேர்த்து, உடம்போடு எலும்பாகச் சேர்வது ஒரே இடத்தில்தான். கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் உள்முனை நெஞ்செலும்பைத் தொடும் இடம் அது. கட்டைவிரல் நுனியால் மூடிவிடலாம். மற்றதெல்லாம் தசையின் பிடிமானம். பஸ்ஸில் இருந்த இருபது முப்பது பேரும் அந்த ஒரு முனையை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் கவலையில்லை. இதைச் சொல்ல யாராவது கிடைக்க மாட்டார்களா என்றிருந்தது. பக்கத்தில் நின்ற அக்காவிடம் ஆரம்பித்தேன். "இறங்கற இடம் வந்துருச்சாம்மா?" என்று கேட்டு அவர் நகர்ந்துகொண்டார்.

அப்பா அன்று வீட்டில் இருந்தார். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு குஜராத் போய்த் திரும்புவது அவர் லைன். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வருவார். வண்டி எங்கள் தெருமுனையில் இருக்கும் காலிமனையில் நிற்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றேன்.

"ஏன், போலீசா நீ?"

"தூக்குங்கப்பா."

இடது கை காதைத் தொட்டு நின்றது. வலது கை தோள் உயரத்துக்குச் சற்று மேலே போய், அங்கேயே நடுங்கியது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கிரீஸ் வத்திப்போச்சு. வேற ஒண்ணுமில்ல. இத்தன வருசம் ஓடுன வண்டியில ஸ்டியரிங் பால் ஜாயின்டு இறுகாதா?"

"இது அந்த ஜாயின்டு இல்லீங்ப்பா. வெளிய இருந்து கிரீஸ் அடிக்க முடியாது. உள்ளுக்குள்ளயே ஒரு சவ்வு இருக்குது, எண்ணெயாட்டம் ஒரு நீர் சுரக்கும். அசைஞ்சாத்தான் அந்த நீரு எல்லாப் பக்கமும் பரவும்."

"அப்ப அசைச்சா சரியாப் போயிருமா?"

"போயிரும்" என்றேன். முதலாண்டுப் பாடத்தில் அரைப் பாடம் கேட்டிருந்தேன், அதற்குள் போயிரும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாதான் உண்மையை உடைத்தார். அவர் நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார். "ஓனரு பாத்துட்டாரு கண்ணு. கிளீனர் பக்கமா ஏறுறத மூணு தடவ பாத்துட்டு, ஆடி முடியங்காட்டி கை சரியாவுலீன்னா வேற ஆளு பாத்துக்கறேன், நீங்க கெழங்கு லோடு ஓட்டிக்கங்கன்னு சொல்லிப்போட்டாரு."

கிழங்கு லோடு என்றால், காட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றி ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஃபேக்டரிகளில் கொட்டிவிட்டு மாலை வீடு திரும்புவது. அதில் குறைவு எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவுக்கு அப்படி இல்லை. மலைப்பாதைகளில் லோடு வண்டியை இறக்கிய கை அது. "குஜராத் லைன்காரர்" என்றுதான் டீக்கடையில் அவரைக் கூப்பிடுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா. எங்க காலேஜ்லயே ஓ.பி. இருக்குது."

"அங்க நம்ம லைன் ஆளு எவனாச்சும் உக்காந்திருப்பான். கை போச்சுன்னு ஊரு பூரா பரவிரும். எலும்புக்குன்னே உன்னப் படிக்க வெச்சிருக்கறன், நீயே பாரு."

நான் அந்த இடத்தில் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். நீயே பாரு என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் முதல் நோயாளி. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. சாப்பாட்டில் கைவைக்காமல் நான் கால் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தொடையும் காலும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பை, அதுதான் மூட்டுறை. அதைக் கிழித்தால் உள்ளே எலும்பின் முனைகள் இரண்டும் பீங்கான்போலப் பளபளவென்று இருக்கும், அது குருத்தெலும்பு. நன்றாக வெந்த பிறகும் விரலுக்கு வழுக்குகிறது.

"அப்பா, இங்க பாருங்க. உங்க தோள்லயும் இப்படித்தான் ஒரு பை. கையைத் தொங்கப் போட்டா அடிப்பக்கம் லூசாத் தொங்கும், கையைத் தூக்குனா விரியும். இப்ப அது சுருங்கி ஒட்டிக்கிட்டிருக்குது."

"திங்கற நேரத்துல தோளு, பைன்னு" என்றார் அம்மா. "மொதல்ல அதத் தின்னு. எலும்பப் படிக்கறவ எலும்பக் கடிக்கக்கூடாதுன்னு சட்டமா?"

அம்மாவுக்கும் எலும்பு தெரியும், என்னைவிட அதிகமாகக்கூட. பண்ணையில் வயதான முட்டைக் கோழியைக் கூண்டிலிருந்து எடுக்கும்போது காலைப் பிடித்து இழுக்கக்கூடாது, பட்டென்று ஒடிந்துவிடும் என்பார். ஏன் என்று தேடிப் படித்தேன். தீவனத்தில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போதாதபோது, முட்டை ஓட்டுக்காகக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. எலும்பென்றால் உலர்ந்த கட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அது வரவும் செலவுமாக, கரைவதும் கட்டுவதுமாக இருக்கிற உயிருள்ள பொருள். அன்று சாயந்திரம் முழுவதும் என்னையும் சேர்த்து வீட்டில் இருந்த நாலு பேரையும் எலும்புக்கூடாகத்தான் பார்த்தேன். தம்பி கேரம் ஆடினான். அவன் கட்டைவிரல் அடியில் இருக்கும் மூட்டு குதிரைச் சேணம்போல இருக்கும், அது இல்லையென்றால் ஸ்ட்ரைக்கரைத் தட்டவே முடியாது என்றேன். "அப்படியாக்கா?" என்று விரலைப் பார்த்தான், அடுத்த காயைத் தவறவிட்டான், அதற்கு என்னைத் திட்டினான்.

விரல் ஏணி யோசனை மறுநாள் வந்தது. கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு, படிப்படியாகப் பள்ளம் வெட்டியது. தோள் இறுகியவர்கள் அதன் எதிரில் நின்று இரண்டு விரலால் படி ஏறுவதுபோல மேலே மேலே போவார்கள். எட்டிய படியைக் குறித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இதைவிடப் பெரிய ஏணி எங்கள் தெருமுனையில் நிற்கிறதே என்று தோன்றியது. லாரி பாடியின் பக்கப் பலகைகள்! ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் விரல் பதியும் இடுக்குகளோடு. அப்பாவுக்கு வெட்கப்பட வேண்டிய சுவரும் இல்லை, ஓ.பி.யும் இல்லை. தன் வண்டியருகே நின்று கையை உயர்த்தினால் யாருக்கு என்ன தெரியும்?

அன்று மாலையே ஆரம்பித்தோம். லோடு இறக்கிவிட்டு வந்த வண்டி காலியாக நின்றது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்தினேன். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பலகையில் நண்டுபோல ஏறின. ஓர் இடத்தில் நின்றன. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒன்று என்று எழுதினேன்.

"இது ஸ்டார்ட்டிங் லெவல்ப்பா. தினமும் மூணு வேளை, வண்டி எங்க நின்னாலும். வலிச்சாலும் விடக்கூடாது."

"வலிச்சாலுமா?"

"வலிச்சாலும்."

இதுவும் நான் சொன்னதுதான். எந்தப் பக்கத்தில் படித்தேன் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த கோடு இரண்டு வாரம் கழித்து விழுந்தது. சேலத்தில் அரை லோடு ஏற்றிவிட்டு, மீதியை மறுநாள் ஏற்றுவதற்கு முன் வீட்டுக்கு வந்திருந்தார். விரல்கள் ஒன்றாம் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயின. நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. மூன்றாவது முறை, அதற்கடுத்த டிரிப்புக்கு முழு லோடோடு கிளம்புகிற காலை, வழியில் பத்து நிமிடம் நிறுத்தினார். முதல் கோட்டுக்கு மேலே ஐந்து விரற்கடை! மூன்று என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

அப்பா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "வட்டம் எதுக்கு சாமி?" என்றார். கேட்டதில் சந்தோசம் தெரிந்தது.

வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். செமினாருக்கு அதையே தலைப்பாகக் கொடுத்தேன். அப்பா தன் பங்குக்கு ஓனரிடம் போனில் சொல்லிவிட்டார்: "கை மேல ஏறிருச்சுங்க. என்ற புள்ளயே பாத்துச்சுங்க. அடுத்த டிரிப்பும் நானே போறனுங்க." ஓனரும் சரியென்றார். ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது: கிளீனர் பக்கமாக ஏறுவதை அப்பா இன்னும் நிறுத்தவில்லை. பழக்கமாகிவிட்டது என்றார். நானும் பழக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த டிரிப்புக்கு லோடு ஏற்றும் நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. செமினாருக்குக் கோடுகளைப் படம் எடுக்க வேண்டும் என்று நானும் கூடவே போனேன். ஆத்தூர் போகிற சாலையில் ஒரு ஜவ்வரிசிக் கிடங்கு. வண்டியைப் பின்வாங்கி நிறுத்தியதும் லோடுமேன்கள் ஐந்தாறு பேர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கோடுகளைப் படம் எடுத்தேன். மூன்றாம் கோடு வட்டத்தோடு என் நெற்றி வகிட்டுக்கு நேராக இருந்தது. செல்போனைத் தலைக்கு மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா அது, கணக்கா?" என்றார் ஒரு லோடுமேன்.

விடுவேனா? தோளின் சின்னக் கிண்ணத்தில் ஆரம்பித்து, மூட்டுறை, விரல் ஏணி, ஐந்து விரற்கடை வரை மூச்சுவிடாமல் சொன்னேன். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே பாதி கேட்டார். "அப்ப எங்க தோளெல்லாம் என்ன கெதின்னு பாத்துச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குச் சாய்த்திருந்த ஏறுபலகையில் ஏறினார்.

மூட்டைகள் ஏறின. நான் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒன்றில் என் நிழல் விழுந்திருந்தது. எழுந்து போய் மறுபடி எடுக்க நின்றேன். செல்போனைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் கோடு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. நான் நிற்கும் இடம் மேடாகிவிட்டதா என்று காலைப் பார்த்தேன். அதே மண்தான். பிறகு சக்கரத்துக்கு மேலே பார்த்தேன். காலியாக இருந்தபோது வில்போல வளைந்திருந்த ஸ்பிரிங் பட்டைகள், மூட்டையின் கனத்தில் நீண்டு நிமிர்ந்து கிடந்தன. பாடி முழுவதும் கீழே இறங்கியிருந்தது. கோடும் அதோடு இறங்கியிருந்தது.

முதல் கோடு போட்ட மாலையை நினைத்துப் பார்த்தேன். வண்டி காலி. கோட்டை என் கண்ணுக்கு நேராகப் போட்டேன், கழுத்தை நிமிர்த்தவே இல்லை. இரண்டாம் கோடு, அரை லோடு. அப்போதும் கழுத்தை நிமிர்த்தவில்லை. மூன்றாம் கோடு, முழு லோடு, வட்டம் வேறு. அதையும் கண்ணுக்கு நேராகத்தான் போட்டேன். தரையிலிருந்து பார்த்தால் அப்பாவின் கை ஒரே இடத்தில்தான் நின்றிருந்தது. ஒன்றரை மாதமாக ஏறியது மூட்டை. இறங்கியது வண்டி. நடுவில் நான் சாக்பீஸோடு குதித்துக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த லோடுமேன் இறங்கி வந்தார். கோட்டைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க டிரைவரே! உங்க கை ஏறலீங்க. நாங்க மூட்டையப் போட்டு வண்டியத்தான் எறக்கியிருக்கறம். அப்ப வைத்தியரு நாங்கதானுங்க!"

கிடங்கே சிரித்தது. "இன்னும் நாலு மூட்ட போட்டா கை வானத்தத் தொட்டுருமுங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அப்பா வந்து பார்த்தார். லோடு ஏறினால் எந்த வண்டி எத்தனை விரல் இறங்கும் என்று டயரைப் பார்த்தே சொல்கிற மனிதர். எடைமேடைக்குப் போகாமலே எடை சொல்வார் என்று டீக்கடையில் பேச்சு. ஆனால் கோடு போட்ட மூன்று நாளும் அவர் தன் விரலைத்தான் பார்த்தார், நான் கோட்டைத்தான் பார்த்தேன். இரண்டு பேருமே ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை.

"ஏறுன வரைக்கும் ஏறியிருக்குது சாமி" என்றார் மெல்ல. "கொஞ்சமாச்சும் ஏறியிருக்காதா?"

"திரும்பி நில்லுங்கப்பா."

என் உள்ளங்கையை அவருடைய வலது தோள்பட்டை எலும்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றேன். அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கையை முழுதாகத் தூக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு தோள்மூட்டில் நடக்கும், மீதி ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு முதுகில் வழுக்கிச் சுழல்வதால் வரும். அப்பாவுக்கு அது தலைகீழாக இருந்தது. கை அசைந்ததும் தோள்பட்டை எலும்பு மொத்தமாக என் கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அதை நான் அழுத்தியதும் கையும் நின்றுவிட்டது. மூட்டு என்ற ஒன்று அங்கே வேலை செய்யவே இல்லை. எட்டிய உயரத்தைக்கூட அவர் தோளைக் குலுக்கியும் இடுப்பைச் சாய்த்தும்தான் எட்டியிருக்கிறார்.

"விடு, வலிக்குது" என்றார். அவர் வலிக்கிறது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

லோடு முடிந்து தார்ப்பாய் கட்டினார்கள். அப்பா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "லோடு ஏத்தியாச்சு. போயிட்டு வந்து பாத்துக்கலாம். ஸ்டியரிங் புடிக்கறதுக்குக் கை மேல போவ வேண்டியதில்லயே."

"சரிங்ப்பா. டிரைவர் பக்கமா ஏறுங்க. ஏறுனீங்கன்னா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கதவைத் திறந்து, இடது காலைப் படியில் வைத்து, வலது கையைக் கைப்பிடிக்கு நீட்டினார். விரல் நுனி கைப்பிடியின் அடியைத் தொட்டது. பிடிக்க முடியவில்லை. படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவரே போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, நாந்தானுங்க. கை இன்னும் வரலீங்க. ஏறிருச்சுன்னு சொன்னது தப்பாப் போச்சுங்க. வேற ஆள அனுப்புங்க." எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. "இல்லீங்க, புள்ள மேல தப்பில்லீங்க" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் வேறொரு டிரைவர் பைக்கில் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி என் மூன்று கோடுகளோடு சாலையில் ஏறிப் போனது. நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்பினோம். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வலிச்சாலும் விடாதன்னு சொன்னியே, அதாச்சும் சரியா?" எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்று அவரிடம் நான் சொன்னது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை கல்லூரி ஓ.பி. லைன் ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மேம் அப்பாவின் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பப் பார்த்தார். இடது கை தாராளமாகத் திரும்பியது. வலது கை அசைந்ததா என்றே சந்தேகம். நான் ஒன்றரை மாதமும் மேலே மேலே என்று பார்த்தேனே தவிர, பக்கவாட்டில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பெரும்பாலும் அங்கேதான் முதலில் இறுகுமாம். எலும்பு மருத்துவரும் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்.

"சுகர் பாத்திருக்கீங்களா?" என்றார் மேம்.

"எனக்கெதுக்குங்க சுகரு?"

பார்த்தோம். அதிகம். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகமாக வரும், மெதுவாகத்தான் விடும் என்றார்கள். மாதங்கள் ஆகலாம், வருடம்கூடத் தாண்டலாம். வலி தணியும்வரை முரட்டுத்தனமாக இழுக்கக்கூடாது.

"யார் இவரை வலியோட தூக்கச் சொன்னது?" என்றார் மேம்.

"நான்தான் மேம்."

அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஓ.பி. சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே, "சீக்கிரமா கூட்டிட்டு வந்திருந்தா சுகரையாவது முன்னாடியே பாத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். செமினார்த் தலைப்பை மாற்றிக் கொடுத்தேன்.

ஆடிக்குள் கை வராது. அது முடிந்துபோன விஷயம். ஓனர் வந்து பேசிவிட்டுப் போனார். வலி குறைந்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் கிழங்கு லோடு, அதுவும் கைக்கு இதமான பவர் ஸ்டியரிங் வண்டி. கை முழுசாக வந்தால் லைனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். வாக்குக் கொடுக்கவில்லை. அப்பா மறுநாள் டீக்கடைக்குப் போய், "சர்க்கரை போடாத" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம். தம்பி வந்து சொன்னான்.

நாளை காலையிலிருந்து பயிற்சி வேறு மாதிரி. முதலில் வெந்நீர் ஒத்தடம். பிறகு அப்பாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பு கட்டிலில் அழுந்தியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும். முழங்கை விலாவோடு, இரண்டு கையிலும் ஒரு மூங்கில் குச்சி. இடது கை குச்சியைத் தள்ள, வலது முன்கை வெளிப்பக்கம் போக வேண்டும், முகம் சுளிக்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கோணம் அளக்கும் கோனியோமீட்டரைக் கல்லூரியிலிருந்து ஒரு வாரத்துக்கு வாங்கி வந்திருக்கிறேன். பள்ளிக்கூட பாகைமானிக்கு இரண்டு நீளக் கை வைத்ததுபோல இருக்கும். ஓ.பி.யில் எடுத்தபோது ஐந்து பாகை. ஒரு மாதத்தில் பதினைந்து வந்தால் போதும் என்றிருக்கிறார் மேம்.

அந்த எண்ணை நான் படிக்கப்போவதில்லை, அது ஏற வேண்டும் என்ற ஆசை எனக்கு அதிகம். அப்பாவும் படிக்கக்கூடாது. தினமும் அட்டை அட்டையாக முட்டை எண்ணி, விரிசல் விட்டதைத் தூக்கித் தனியே வைக்கிற அம்மாதான் படிக்கப்போகிறார். இன்று மாலை தம்பியின் கையை வைத்துப் பழக்கினேன். "இந்த முள்ளு எங்க நிக்குதோ அதச் சொன்னாப் போதுமா?" என்றார். போதும் என்றேன்.

"கொறஞ்சிருந்தா?"

"கொறஞ்சிருந்தாலும் அதயே சொல்லுங்கம்மா."

ஆறு மணிக்கு வைத்துக்கொண்டால் அம்மா பண்ணை வண்டிக்குப் போவதற்குள் முடிந்துவிடும்.